சத்தம் கேட்கிற வீட்டுக்கு ஒரு லைன்

புதன்கிழமை மதியமானால் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஜெனரேட்டர் யாரும் தொடாமலே உறுமத் தொடங்கும். கரண்டு போயிருக்காது. வெயில் அடிக்கும், ஏசி ஓடும். நன்றாக இருக்கிறோமா என்று தன்னையே சோதித்துப் பார்த்துவிட்டு அதுவாக அடங்கிவிடும். டெக்சஸுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. தேவையில்லாமல் ஓடும் ஜெனரேட்டரை எங்கள் கூடலூரில் பார்த்தால், டீசல் என்ன தண்ணியா என்று நாலு பேர் திட்டியிருப்பார்கள்.

கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கில் தமிழ்நாடு முடிகிற ஊர். ஏறினால் குமுளி, கேரளா. மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரை வைத்து எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கரண்டு எடுக்கிறார்கள். நான் படித்த காலத்தில் அந்தக் கரண்டு எங்கள் தெருவை எட்டிக்கூடப் பார்க்காமல் எங்கோ தூரதேசம் போய்க்கொண்டிருந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஊரில் கரண்டு இல்லாததே அப்பாவுக்குப் பிழைப்பானது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஜெனரேட்டரை வாடகைக்கு விட்டார். ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கோம்பை வரைக்கும் போவார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. ஜெனரேட்டர் வந்த வீட்டுக்காரர்கள், இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஆளுக்கொரு லைன் இழுத்துக் கொடுத்த பிறகுதான் எஞ்சினை ஓட்டச் சொல்வார்கள். ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்பதில்லை. என் அக்கா கல்யாணத்தின்போது அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் சந்துத் தகராறு, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா வழக்கம்போல வயரைச் சுவர் மேல் போட்டார். அந்த வீட்டு அத்தை வெடுக்கென்று வாசலுக்கு வந்தார்.

“நாங்க உங்கள்ட்ட கேட்டமாக்கும்?”

“கேக்கல மதினி. எஞ்சின் சத்தம் உங்க காதுலயும்தான விழுகுது? சத்தத்த உங்களுக்குக் குடுத்துட்டு வெளிச்சத்த நாங்க மட்டும் வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

அத்தை உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் ஃபேன் சுற்றியது. அதற்குப் பிறகும் பல மாதம் பேச்சில்லை என்பது வேறு விஷயம்.

போன கோடையில் இங்கே புயல் அடித்துத் தெருவே இருண்டது. நாட்கணக்கில் கரண்டு இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, எஞ்சின் தெருவெல்லாம் கேட்கக் கத்துகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வீட்டில் டெபியும் அவர் கணவர் கார்லும் மட்டும்தான். கார்லுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷினை நம்பி வாழ்கிறார். வேலியோரம் நின்று டெபியிடம் ஒரு லைன் தரட்டுமா என்று கேட்டேன். “நாங்கள் நன்றாக இருக்கிறோம், நன்றி” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் முதல் ‘வேண்டாம்’ வெறும் மரியாதை. மூன்றாவது தடவை சொன்னால்தான் அது வேண்டாம். இங்கே முதல் தடவையோடு கதவு மூடிவிடுகிறது. என் கணவர் கம்பத்துக்காரர்தான், ஆனால் என்னைவிட நல்ல அமெரிக்கர்.

“அதான் வேணாம்னுட்டாகள்ல, விடு. நம்ம போய் விழுந்தா தப்பா நெனைப்பாக” என்றார்.

மறுநாள் காலையில் டெபி வீட்டு வாசலில் காலி ஆக்சிஜன் சிலிண்டர்கள் சாய்ந்து கிடந்தன. மெஷின் ஓடாததால் அவற்றை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். டெபி போனில் யாரிடமோ, சிலிண்டர் எப்போது வரும், சாலை எப்போது திறக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு மேலும் ஒருவரிடம் போய் வேண்டுமா என்று கேட்பது எந்த ஊர் நாகரிகம்? கெட்டியான வயர் ஒன்றை எடுத்து வேலி மேல் போட்டேன். முனையை அவர்கள் வராந்தாவில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சற்று நேரத்தில் வயர் இழுபட்டது. ஜன்னல் வழியே மெஷினின் பச்சை விளக்கு தெரிந்தது.

பெருமை தாங்காமல், அப்பாவின் தொழிலை இப்போது பார்க்கும் அண்ணனுக்குக் கூடலூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“ஏத்தா, நீ எந்தக் காலத்துல இருக்க? இங்கன வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வச்சிருக்காக. லைன் இழுத்தா, வயரு வாசல அடைக்குதுன்னு நம்மளையே வையிறாக.”

எனக்குச் சுருக்கென்றது. சரி, அங்கே வேண்டாம் என்றால் போகட்டும், நான் இங்கே இழுத்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

அன்று மாலை, எங்கள் குடியிருப்புக்கு விதி போடும் வீட்டுக்காரர் சங்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றிப் புகாராம். வேலி தாண்டி வயர் போகக் கூடாது என்றும் விதியாம்.

“புகார் சொன்னவர் வீடு எது?” என்றேன். “அவருக்கும் ஒரு லைன் தருகிறேன்.”

அவர் ஒரு அடி பின்வாங்கினார். நான் சண்டைக்கு ஆள் தேடுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. “மேடம், அதையெல்லாம் சொல்ல முடியாது. அமைதியாக இருங்கள்” என்றார். அப்பா அன்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னதை என் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். மனிதர் விழித்தார்.

“டெபி உங்களிடம் கேட்டாரா?”

“இல்லை.”

“பிறகு ஏன் கொடுத்தீர்கள்?”

“வயரை நான் எடுக்க மாட்டேன். நீங்கள் எடுப்பதானால் முதலில் உள்ளே போய்க் கார்லிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.”

அவர் டெபி வீட்டு ஜன்னலைப் பார்த்தார். நோட்டீஸ் வரும் என்றார். அனுப்புங்கள் என்றேன். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வைக்கவில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரம் தெருவுக்குக் கரண்டு வந்தது. எஞ்சின் தானாக நின்றது. வயரைச் சுருட்டப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் டெபி அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் போய்விட்டால்... இது இங்கேயே இருக்கட்டுமா?”

இந்த நாட்டில் அடுத்த வீட்டிலிருந்து என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வாய் தவறித் தமிழிலேயே “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றேன். அவர் தலையாட்டினார்.

நோட்டீஸ் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். கூடலூரில் யாருக்கும் வேண்டாமல் போன ஒரு லைன் இங்கே வேலி மேல் கிடக்கிறது. ஒரு முனை என் வீட்டில். மறுமுனையில் கார்ல் மூச்சு விடுகிறார்.