ஜெயித்தவளுக்கு ஆறுதல் பரிசு

ஜீவிதா பில்லியர்ட்ஸ் ஆடக் கற்றுக்கொண்டது ஸ்ரீபெரும்புதூரில், அவள் வேலை பார்த்த செல்போன் கம்பெனியின் ஓய்வறையில். ஷிப்ட் முடிந்து பஸ் வரும்வரை சும்மா ஆட்டக்கோலைப் பிடித்தவள், இரண்டு வருஷத்தில் அங்கிருந்த ஆண்கள் எல்லோரையும் தோற்கடித்துவிட்டாள். சென்னையில் ஒரு பயிற்சி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தால் தொழில்முறை ஆட்டக்காரியாகலாம் என்றார்கள்.

அவளுக்கு முடிவெடுக்க முடியவில்லை. பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்த அப்பா குமாரசாமி, ஆட்டம் சோறு போடுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேண்டாமென்று சொல்லிவிடத்தான் மனசு பாதி சாய்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காஞ்சிபுரத்தில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பில்லியர்ட்ஸ் பார்லரில் மாவட்டப் போட்டி நடந்தது. ஜெயிப்பவருக்குக் கோப்பை, மாநிலப் போட்டியில் ஓர் இடம். ஆட வந்த ஒரே பெண் ஜீவிதா. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவன் தாமல் ஊர்க்காரன் ஆனந்தராஜ், கைதேர்ந்தவன். கடைசியாக மிஞ்சிய கறுப்புப் பந்தை மேசையின் முழு நீளத்துக்கும் ஓடவிட்டு மூலைக் குழியில் இறக்கி ஆட்டத்தை ஜெயித்தாள் ஜீவிதா.

போட்டியை நடத்திய வேணுகோபால் மைக்கைப் பிடித்தார். மகளிருக்கான சிறப்புப் பரிசு என்று சொல்லி அவள் கையில் ஒரு ஹாட் பாக்ஸைக் கொடுத்தார். கோப்பையும் மாநிலப் போட்டி இடமும் ஆனந்தராஜுக்கு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜீவிதா நேராக அவரிடம் போனாள்.

“ஜெயிச்சது நான்தானே சார்?”

“யாரும்மா இல்லன்னது? நாளைக்குக் கல்யாணம் ஆச்சுன்னா நீ ஆடவா போறே? அவன் ஆடிக்கினு இருப்பான். சீட்டு வீணாப் போவக்கூடாது பாரு.”

“ஆடறதா வேணாமான்னு எனக்கு நானே இன்னும் சொல்லிக்கல. நீங்க எப்படி சார் சொல்றீங்க?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹாட் பாக்ஸை மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஆனந்தராஜ் பின்னாலேயே ஓடி வந்தான்.

“நான் கேக்கலம்மா.”

“கேக்கல. குடுத்ததும் வாங்கிக்கினீங்க.”

சென்னைக்குப் போய் ஆடியே தீருவதென்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். வீம்புக்காக வாழ்க்கையைத் திருப்பிக்கொள்கிறோமோ என்றும் ஒரு பயம் வந்தது. ஆனால் அந்தக் கறுப்புப் பந்தை அடித்தபோது வேணுகோபாலும் இல்லை, வீம்பும் இல்லை. அவளும் மேசையும்தான் இருந்தார்கள். அதை விட முடியாது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

நடந்ததைக் கேட்ட குமாரசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் மகளைப் பார்த்து, “கோவத்துல எதுவும் சொல்லாதம்மா, காலையில சொல்லு” என்றார். காலையிலும் அவள் சென்னைக்குப் போவதாகத்தான் சொன்னாள்.

மாநிலச் சங்கத்துக்கு அவள் அனுப்பிய புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை. வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் ஆடுகிறாள். முதல் பெரிய போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றாள். எதிராளி நன்றாக ஆடினாள், ஜெயித்தாள், அடுத்த சுற்றுக்கும் அவள்தான் போனாள். அந்தத் தோல்வியில் ஜீவிதாவுக்கு வருத்தம் இருந்தது. கோபம் துளிகூட இல்லை.