பாக்கிங்குக்கு முன்னால் ஒரு போன்

ஆன்லைனில் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் சில பேர் என்னிடம், "வியாபாரம் படுத்துடுச்சு மேடம், தூக்கி நிறுத்த வழி சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். வழி எனக்கு நிறையவே தெரியும். அந்த வழிகளை வைத்தே ஒரு நல்ல கடையை மூட வைத்தவள் நான். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருபத்தோரு வருடம் இருந்தேன். விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கள்ளிக்குப்பம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, குமணன்சாவடியில் நசீர் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

பாய் விற்றது வீடியோ கேம். டிவியில் போட்டு விளையாடும் டிஸ்க், அதற்கான மிஷின், கன்ட்ரோலர் எல்லாம் அவருடைய வெப்சைட்டில் கிடைக்கும். கடை என்பது டயர் கடை மாடியில் இரண்டு அறை. பாயும் அவர் மனைவி ஷகிலாவும் மட்டும்தான். ஷகிலா பாக்கிங், பாய் மற்றதெல்லாம்.

1. முதல் நாள்

காலையில் ஒரு ஆர்டர் வந்தது. நான் அட்டைப் பெட்டியை மடிக்க ஆரம்பித்தேன்.

"இரும்மா, பேசிட்டு வந்துடறேன்" என்று பாய் போனை எடுத்தார்.

"வணக்கம் சார், கேம் கடையிலேர்ந்து நசீர் பேசறேன். ஆர்டர் போட்டுக்கீறீங்களே, ஊட்ல இன்னா மிஷின் கீது? அதுல டிஸ்க் போடற எடம் கீதா? யாரு சார் ஆடப் போறது? எட்டு வயசா? இது வேணாம் சார், ஒரே வெட்டு குத்து. கார் ஓட்டற கேம் ஒண்ணு கீது, வெலையும் கம்மி. அத அனுப்பவா?"

போனை வைத்துவிட்டு, விலை குறைந்த டிஸ்கை எடுத்து என்னிடம் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வந்த ஆர்டர நீங்களே கொறைக்கறீங்களே பாய்?"

"தப்பான டிஸ்க் போனா திரும்பி வரும்மா. சீல் ஒடச்சத புதுசுன்னு விக்க முடியுமா?"

ஒவ்வொரு ஆர்டருக்கும் இதே கதைதான். அந்தப் போன் பேசாமல் எந்தப் பெட்டியும் கீழே இறங்காது. இந்த மனுஷன் எப்படிப் பிழைக்கப் போகிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

2. நான் செய்த சீர்திருத்தங்கள்

கடை அப்போதே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது பாய் விஷயத்தை உடைத்தார்.

"ரம்ஜானுக்குள்ள நிமிரலன்னா மூடிட வேண்டியதுதாம்மா. துபாய்ல என் மச்சான் கடை வெச்சுகினுகீறான், அங்க வந்து நில்லுன்றான். இந்த வயசுல இவள உட்டுட்டு எங்க போறது?"

ஷகிலா டேப் ஒட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "வசந்தாக்கா எதுனா வழி சொல்லுவாங்க" என்றார். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. விழுந்து விழுந்து வேலை செய்தேன்.

சொல்லக் கூச்சமில்லை, சில யோசனைகள் நன்றாகவே பலித்தன. கம்பெனி அனுப்பும் விளம்பரப் படத்துக்குப் பதில், எங்கள் அலமாரியில் இருக்கும் பெட்டியையே படம் எடுத்துப் போட்டோம். விளையாடி முடித்த டிஸ்கைத் திருப்பிக் கொடுத்து வேறு டிஸ்க் மாற்றிக்கொள்ளும் வசதி வைத்தோம். ஆவடிப் பக்கம் அபார்ட்மென்ட் குடும்பங்களுக்காக நாலு பேர் சேர்ந்து ஆடும் கேம்களைத் தனியாக அடுக்கினோம். பாய் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டெஸ்பாட்ச்சில் நான் கற்றது ஒன்றுதான்: சரக்கு நிற்கக் கூடாது. பாய் பேசும் போனால் சரக்கு நின்றது. கஸ்டமர் ஆபீஸில் இருப்பார், எடுக்க மாட்டார். பெட்டி மறுநாள் வரை கிடக்கும். அதற்குள் சிலர் கேன்சல் செய்துவிட்டுப் பெரிய சைட்டில் வாங்கிக்கொள்வார்கள்.

"இன்னைக்குப் போட்டா அவன் நாளைக்குக் குடுக்கறான் பாய். நாம போன் பேசிகினு உக்காந்திருக்கோம். ஆர்டர் கெடச்சுதுன்னு மெசேஜ் ஒண்ணு தானா போற மாதிரி வெச்சா போதும்."

பாய் போனை மேஜையில் வைத்தார். "உனக்குத் தெரியாததா. செய்ம்மா" என்றார்.

3. சிவப்பு எழுத்து

ஆர்டர்கள் அன்றன்றே கிளம்பின. பாய் போன் மேஜையில் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்குத்தான் பொறுக்காதே. எங்கேயோ ஒரு நம்பர் லிஸ்ட் வாங்கி, பாய் போனிலிருந்தே காலை முதல் மாலை வரை ஆஃபர் சொல்லிக் கூப்பிட்டேன். பாதிப் பேர் திட்டினார்கள். நான் அசரவில்லை.

பிறகு பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. டிஸ்க் போடும் இடமே இல்லாத புது மிஷின் வைத்திருப்பவர்கள் டிஸ்க் வாங்கியிருந்தார்கள். சின்னப் பிள்ளைக்கு ரத்தம் தெறிக்கும் கேம் போய்ச் சேர்ந்து, ஒரு அம்மா வெப்சைட்டில் கண்டபடி எழுதினார். சீல் உடைந்த டிஸ்குகள் ஒரு மூலை முழுக்கச் சேர்ந்தன. அப்போதுதான் பாய் அந்த மூன்று கேள்விகளை ஏன் கேட்டார் என்று எனக்கு உறைத்தது.

"பாய், நீங்க மறுபடியும் பேசுங்க" என்றேன்.

மனுஷன் சந்தோஷமாகப் போனை எடுத்தார். மணி அடித்தது, கட் ஆனது. அடுத்தவரும் கட். அன்று ஒருவர்கூட எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. சந்தேகம் வந்து என் போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்றை அன்றுதான் என் போனில் ஏற்றியிருந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் 'ஸ்பேம்' என்று இருந்தது.

"அப்டின்னா இன்னாம்மா?"

"தொல்லை பண்ற நம்பர்னு ஜனங்க புகார் குடுத்திருக்காங்க பாய்."

"என் நம்பரையா?" என்று மட்டும் கேட்டார். பதினைந்து வருடமாக அவருக்கு அதே நம்பர்தான். புகார் கொடுக்க வைத்தது நான்தான் என்று அவருக்கும் தெரியும்.

ஆப்காரர்களுக்கு எழுதிப் பார்த்தோம். புது சிம் வாங்கினோம். தெரியாத நம்பரை இந்தக் காலத்தில் யார் எடுக்கிறார்கள்? ரம்ஜான் வந்தது, போனது.

4. கடைசி மத்தியானம்

அலமாரிகள் காலியாகியிருந்தன. "பழைய கஸ்டமருங்க கிட்ட சொல்லிட்டுதாம்மா மூடணும்" என்றார் பாய். பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. என் போனை நீட்டினேன். ஆவடியில் இருக்கும் சேகர் என்பவர் எடுத்தார். பாயிடம் பல வருடமாக வாங்கியவர். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"பாய், நீங்களா? எப்பிடி கீறீங்க? என் மிஷினுக்கு ஏத்த கேம் வந்தா போன் பண்ணுவீங்க, வரவே இல்லியா, நீங்க கடைய மூடிட்டீங்கன்னு நெனச்சி வேற எடத்துல வாங்கிகினு இருந்தேன்."

"இல்ல சார்," என்றார் பாய். "இன்னைக்குத்தான் மூடறேன்."

பாய்தான் தொடர்ந்தார். "உங்க மிஷின் பழசு சார். புது கேமு அதுல ஓடாது. இனிமே வாங்கசொல்ல அட்டையில எந்த மிஷினுக்குன்னு பாத்து வாங்குங்க."

போனைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். நான் படியிறங்கி டயர் கடை ஓரமாக நின்று அழுதேன்.

பாய் இப்போது துபாயில் இருக்கிறார். ஷகிலா பூந்தமல்லியில் அம்மா வீட்டில். மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க அக்கா" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தார்.

கடையை நிமிர்த்த வழி கேட்கும் பிள்ளைகளே, படம் நன்றாகப் போடுங்கள், சீக்கிரம் அனுப்புங்கள், எல்லாம் சரி. ஆனால் உங்கள் கடையில் நேரத்தைத் தின்னும் வேலை ஒன்று இருக்கும். அதை வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் நீங்களே செய்து பாருங்கள். பாய் பேசிய அந்தப் போனை நான் ஒரு நாள்கூடப் பேசிப் பார்க்கவில்லை.