தொண்ணூறு சென்டிமீட்டர் போதும்

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். அன்றைக்கு நான் எழுதிய அளவுத்தாள், தேதியும் நேரமும் போட்டு, இன்னும் என்னிடம் இருக்கிறது.

பண்பொழிப் பக்கம் புதுச் சாலை வருகிறது. அதற்கு முன்னால் குழி தோண்டி, அடியில் பழங்காலத்துப் பொருள் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. போன ஜூலை. நான்கு நாளாக விடாத சாரல். தென்னந்தோப்பு முழுக்கக் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடக்கிறது, குழியில் மட்டும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகையே வந்தது. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி கட்டாயம் கீழே இருக்கும் என்று நம்பினேன். ஆனால் அன்று நான்கு மணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும், 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டால் மறு வாரமே எந்திரம் இறங்கிவிடும்.

மேலதிகாரி வல்லிநாயகம் சாரிடம் போனில் மன்றாடினேன்.

"சார், இன்னும் ஆழமாப் போகணும்."

"தொண்ணூறு சென்டிமீட்டர் போதும் ஃபாயிஸா. அளவெடுத்துட்டு மூடுங்க."

போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

மணி 1.18. குழிக்கு மேலே தார்ப்பாயைத் தாழக் கட்டியிருந்தோம். உள்ளே நிற்கிறவர் தெரியமாட்டார். வேலைக்கு வந்த தாணுமாலயன் அண்ணாச்சி கீழேயிருந்து அளவைச் சொல்வார், நான் மேலே குடைக்குள் உட்கார்ந்து எழுதுவேன். நான்கு நாளும் அப்படித்தான். டேப்பின் முனையை உள்ளே விட்டேன். சர்ர்ர்... இழுத்துக்கொண்டது.

"நூத்தி நாப்பது."

தொண்ணூறுதானே தோண்டினோம்? எனக்குத் தெரியாமல் ஒரு மூலையில் ஆழமாக இறங்கிவிட்டாரா? கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

"வாய்... நாப்பத்தாறு."

"பானையா அண்ணாச்சி?"

தார்ப்பாயில் டப்... டப்...

"எழுதுனியா?"

சுருக்கென்றது. ஒரு தடவைகூட அவர் என்னை 'நீ' என்று சொன்னதில்லை. எப்போதும் 'மேடம்'தான். மழையில் அவருக்கும் எரிச்சல் போல என்று விட்டுவிட்டேன்.

"எழுதிட்டேன்."

1.31.

"இங்கனயிருந்து மூடி... எழுபத்திமூணு. எழுதுனியா?"

அடைத்த இடத்துக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது...

"எழுதிட்டேன்."

"மேடம்!"

பின்னாலிருந்து.

திரும்பினேன். தாணுமாலயன் அண்ணாச்சி சாலையிலிருந்து வருகிறார். கையில் டீ.

"போன்ல பேசிட்டு இருந்தீங்க. அதான் சொல்லாமப் போனேன்."

தார்ப்பாயைத் தூக்கினேன்.

யாருமில்லை...

தொண்ணூறில் தரை. கீறல்கூட இல்லை.

டேப் மட்டும் கிடந்தது.

3.50. மறுபடி போன் செய்தேன்.

"நூத்தி நாப்பதுன்னு யாரு அளந்தா?" என்றார் சார்.

என்னவென்று சொல்வேன்? பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மூன்று அளவையும் கோடு போட்டு அடித்தேன். 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"மேடம், ஜேசிபி ஒரு தாழிய ஒடைச்சிட்டு. சீக்கிரம் வாங்க."

ஓடினேன். எங்கள் குழி இருந்த அதே இடம். தாழியின் வயிற்றுப் பக்கம் உடைந்திருந்தது. மூடிக்கல் அசையவில்லை. உள்ளே எலும்பு.

மேல்மண்ணிலிருந்து வாய் வரை அளந்தேன். நூற்று நாற்பது.

வாய் அகலம் நாற்பத்தாறு.

உடைந்த ஓட்டை வழியாக டேப்பை விட்டு, எலும்பு கிடந்த அடியிலிருந்து மூடி வரை பிடித்தேன்.

எழுபத்துமூன்று.

புதைத்த நாளிலிருந்து அந்த மூடியை யாரும் திறக்கவில்லை. அந்த அளவை உள்ளேயிருந்துதான் எடுத்திருக்க முடியும்.

எழுதுனியா என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் எழுதிட்டேன் என்று சொன்னேன்...

பிறகு நானே அடித்தேன்.