ரத்தம் மெலிய ஒரு மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போய், ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "வால்வுல ரத்தம் உறையக் கூடாதும்மா. ரத்தம் மெலியுறதுக்கு இந்த மாத்திரை, ஆயுசுக்கும். கீரையக் கொறைச்சுக்கங்க, அது மாத்திரைய வேலை செய்ய விடாது."

உப்பளம் கடைத்தெருவில் எனக்குத் துணிக்கடை வேலை. அதனால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைச்சாவடியிலிருந்து அவருடைய அக்கா வந்தார்; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தம்பி என்றால் அண்ணிக்கு உயிர். மாத்திரை விஷயத்தைக் கேட்டதுமே வாயில் அடித்துக்கொண்டார்.

"கத்தி வச்சதுல பாதி ரத்தம் போச்சு. இருக்கிறதையும் மெலிய வெப்பாங்களா?"

நான் மூச்சு முட்ட விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில், ரத்தம் இன்னும் கெட்டியாகவே இருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பின்ன? ரெண்டு வேளையும் முருங்கைக்கீரை சூப்பு குடுக்குறேன். கெட்டியாவாம என்ன பண்ணும்?"

ஆத்திரத்தில் சூப்புச் சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். இவராவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், "எங்கக்கா எனக்கு வெசமா வெக்கும்? நீ வேலைக்குப் போ" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வீட்டுச் சாப்பாட்ட நீங்கதாம்மா பாத்துக்கணும்" என்றார்கள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. போனேன், வழியெல்லாம் அழுதுகொண்டே.

ஒரு நாள் காலையில் அவருக்கு வாய் கோணிக்கொண்டது. வலது கை தூக்க வரவில்லை. வால்வில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான் பாவி. நீ சத்தம் போட்டேன்னு ஒரு வேளை சூப்ப நிறுத்திட்டேன். அதயும் குடுத்திருந்தா எந்தம்பி தேறியிருப்பான்."

 முந்தானையால் அண்ணியின் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதீங்க அண்ணி" என்றேன்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தால், பகலில் பார்த்துக்கொள்ள அண்ணியை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.