மாமனார் பிடித்த ஸ்டீயரிங்

நீலாய் நகரத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணேசமூர்த்திக்கு, மாமனார் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவரிடமிருந்து விடுதலை கிடைத்தபாடில்லை. மாமனார் அமிர்தலிங்கம், கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஆள் மேய்க்கும் மண்டோர் மகனுக்கா என் பெண் என்று கடைசிவரை முறைத்தவர். தம்முடைய அறுபத்தெட்டாம் வருட மோரிஸ் மைனரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, தோட்டத்துப் பழைய ரப்பர் ஆலை வளைவில் மாரடைத்து இறந்தார். பிடியை மட்டும் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

கார் மகள் குமுதவல்லிக்கு வந்தது. கூடவே அப்பாவும் வந்துவிட்டார் என்பது அவள் முடிவு. வருடத்துக்கு வருடம் ஸ்டீயரிங் இறுகியது. திதிக்குத் தோட்டத்துக் கோயிலுக்குப் போகும்போது, அந்த வளைவில் இரண்டு கையாலும் தொங்கினால்தான் திரும்பும். அந்த நேரம் பார்த்து அவள் ஸ்டீயரிங்கிடம் வீட்டுச் செய்திகளை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். கணேசமூர்த்தி மூச்சிரைத்தபடி கேட்டுக்கொள்வார்.

இந்த வருடம் திதிக்கு முதல் நாள் முன்சக்கரம் கிறீச்சிட்டது. அவர் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் அந்தரத்தில் நின்றும் இறுக்கம் குறையவில்லை. ஆகவே டயர் நிரபராதி. சக்கரத்தைத் திருப்பும் கம்பியைக் கழற்றினார். ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்குச் சுழன்றது, சக்கரம்தான் அசைய மறுத்தது. ஆவி குடியிருப்பது சக்கரத்தின் மூட்டில் என்று முறைப்படி தீர்மானித்தார்.

குனிந்து பார்த்தால், மூட்டுக்குக் கிரீஸ் ஏற்றும் வாயெல்லாம் சந்தனம். ஆயுத பூசைதோறும் குமுதவல்லி காருக்கடியில் கைவிட்டு மூட்டு மூட்டாகப் பொட்டு வைத்திருந்தாள். ஒன்பது வருடச் சந்தனம் சிமெண்டாகியிருந்தது. அவர் பம்பால் அழுத்திய கிரீஸ் அத்தனையும் வெளியே வழிந்திருக்கிறது. நிரம்பித்தான் வழிகிறது என்று அவரும் பெருமையோடு துடைத்திருக்கிறார்.

"கழுவாதீங்க," என்றாள் குமுதவல்லி, பின்னால் நின்று. "அப்பா அங்கதான் இருக்காரு."

"சக்கரம் கழண்டு விழுந்தா நாமளும் அவர்கூடதான் இருப்போம் லா."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டி, பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கும்வரை பம்பை அடித்தார். மூட்டு முனகிவிட்டு இளகியது.

மறுநாள் வளைவு வந்தது. தொழிலாளர்கள் விட்டுப்போன, கதவில்லாத லயத்து வீடுகள். நடுப்பகலிலும் செம்பனை மரங்களுக்கு அடியில் இருட்டு. குமுதவல்லி படையல் பாத்திரத்தை மடியில் இறுக்கிக்கொண்டு ஸ்டீயரிங்கையே பார்த்திருந்தாள். கணேசமூர்த்தியால் அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்தார். தோளை முறுக்கினார். முக்கினார். கார் வெண்ணெயாகத் திரும்பியது.

"நடிக்காதீங்க," என்றாள். "அப்பா இவ்வளவு மோசமா புடிக்க மாட்டாரு."

நிறுத்தச் சொல்லி இறங்கினாள். முன்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, பாத்திரத்தோடு பின்சீட்டில் ஏறினாள்.

"அப்பா புடிச்சிருந்த கைய எடுத்துட்டீங்க. பாவம், எங்க போவாரு? முன்னாலயே உக்காரட்டும்."

கதவைச் சாத்தக் கை நீட்டிய கணேசமூர்த்தி, ஓர் ஆள் ஏறி அமரும் நேரம் பொறுத்தார். சாத்தியபின் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கோயில் வரும்வரை அவர் தொண்டையைக்கூடச் செருமவில்லை.