சட்டையைப் போட்டுக்கொண்டு குதித்தவர்

காசிமேட்டில் நான் வலை தைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிறிஸ்தவ வேதக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். நரைத்த தாடி. வெயிலுக்குச் சட்டையின் மேல் பொத்தான்கள் மூன்றைத் திறந்துவிட்டிருந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“எங்க வாத்தியார்தான். வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்துட்டேன்,” என்றார்.

வேதத்தில் ஒரு வரிக்காகச் சண்டை. படகில் வெற்றுடம்போடு இருந்த மீனவன், கரையில் ஏசு நிற்பது தெரிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறானாம். எழுதியவருக்குக் கடல் தெரியாது என்கிறார் வாத்தியார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“நீங்க சொல்லுங்கண்ணே. நீந்தப் போறவன் சட்டையக் கழட்டுவானா, போடுவானா?”

“கழட்டுவான். கரையில நின்னவருக்கு இவன் எதுனா தப்பு பண்ணிக்கிறானா?”

“ஏசுவப் பிடிச்சிட்டுப் போனப்போ, அவர் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டான்.”

“அப்ப போட்டுகினுதான் சார் குதிப்பான். அவ்ளோ பண்ணிட்டு, வெறும் ஒடம்போட எப்டி எதுர்ல போய் நிப்பான்?”

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. போன் மறுபடி அடித்தது. மூன்று பொத்தான்களையும் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அப்புறம்தான் எடுத்து, “ஐயா” என்றார்.

போனில் சட்டை தெரியாது. நான் சொல்லவில்லை.