பட்டர்கப்பின் பங்காளி

மஞ்சள் சாக்பீஸில் வரைந்த ஐந்து இதழ்ப் பூ ஒன்று. எண்பதுகளில் பெரம்பலூரில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்த தாவரவியல் சாரை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணில் நிற்கிறது. பாடப்புத்தகம் பட்டர்கப் என்று சொன்ன அந்தக் குளிர்தேசத்துப் பூவை அவரும் பார்த்ததில்லை, அவரிடம் படித்தவர்களும் பார்த்ததில்லை. இருந்தும் வருடாவருடம் அதைக் கரும்பலகையில் வரைந்து, அதன் குடும்பத்தையே விவரித்துவிட்டு, கூச்சத்தோடு அறைக்குத் திரும்புவார். “பாக்காத பொண்ணுக்கு ஜாதகம் எழுதுற மாதிரி இருக்குங்க. ஒரு வருஷமாச்சும் அதோட சொந்தக்காரப் பூ ஒண்ண புள்ளைங்க கையில குடுத்துடணும்” என்பார்.

அடைமழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பச்சைமலைக்குப் போனபோது அது கிடைத்தது. புதர்மேல் படர்ந்த கொடி, கொத்துக் கொத்தாய்ச் சின்ன வெள்ளைப் பூ. பட்டர்கப்புக்குப் பங்காளி முறை என்றார் சார். பூ உதிராமல் கொண்டுபோக வேண்டுமே என்று, கல்யாண மாப்பிள்ளைபோல நான் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். பஸ் நெரிசலில் பூ தப்பித்தது. தண்டு நசுங்கிச் சாறு கசிந்தது.

காலையில் கழுத்தைச் சுற்றிக் கொப்புளங்கள். கண்ணாடியைப் பார்த்ததும் உயில் எழுதத் தோன்றியது. எழுத என்ன இருக்கிறது என்று யோசித்ததில் துக்கம் இரட்டிப்பானது. சிறுவாச்சூர் காளிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா அம்மை என்று முடிவுகட்டி வாசலில் வேப்பிலை செருகினார். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இருவரும் படி தாண்டக் கூடாதாம்.

“இது கொடியோட சாறு பட்டதுங்கம்மா” என்றார் சார்.

“ஆத்தாளப் போயி கொடிங்கறியா? கன்னத்துல போட்டுக்க.”

போட்டுக்கொண்டார். செம்புத் தண்ணீரில் இருந்த கொடி அதற்குள் தலை சாயத் தொடங்கியிருந்தது. எனக்கு என் உயிர்ப் பயம். அவருக்குப் பூவின் உயிர்ப் பயம். பால்காரரிடம் பள்ளிக்குச் சொல்லியனுப்பினார்.

சற்று நேரத்தில் வகுப்பே தெருவில் வந்து நின்றது. ஜன்னல் கம்பி வழியாக ஒவ்வொரு பூவாக நீட்டினார். “தண்டத் தொடாதீங்க. இதழு மாதிரி இருக்குதே, அது இதழே இல்ல, புல்லி. நல்லாப் பாருங்க.” பிறகு என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். “இந்தக் குடும்பத்துச் சாறு பட்டா தோலு பொத்துப்போவும். அதுக்கு இவரப் பாருங்க.”

கடைசியில் நின்ற பெண் கேட்டாள்: “அவருக்கு வலிக்குதா சார்?”

“வலிக்குது” என்றேன்.

“எழுதிக்குங்க” என்றார் சார், முகமெல்லாம் சிரிப்பாக. அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சாகப்போகிறேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.